பெருவழியில் ஒன்பது வண்டி

சென்னிமலைக்காரன்னு சொன்னா "பெட்ஷீட் என்ன விலைங்க?"ன்னுதான் முதல்ல கேக்கறாங்க. எங்க ஊருப் பக்கமா ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி ஒரு ஹைவே ஓடுச்சுங்கறது, எஞ்சினியரிங் முடிச்சு வேலைக்குப் போன அப்புறம்தான் எனக்கே தெரியும்.

கொங்கப் பெருவழி. மேற்குக் கடற்கரையில இருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியா நுழைஞ்சு, நொய்யலை ஒட்டியே கரூர் வரைக்கும் போன வணிகப் பாதை. அதுல ஒரு நாள் முழுக்க பைக் ஓட்டணும்னு ஆசை. ஆபீஸ்ல வாய் விட்டுச் சொன்னேன், ஒன்பது வண்டி சேர்ந்துடுச்சு. ரெண்டு புல்லட், மிச்சம் கலப்படம். என்னோடது மாமா குடுத்த ஆர்எக்ஸ் 100. 1996-லயே தயாரிப்பை நிறுத்திட்டாங்க, அதனால வண்டி என்னை விட மூத்தது :)

விடிகாலையில கோவை சுண்டக்காமுத்தூர்ல கிளம்பினோம். அங்க ஒரு பாறையில ராஜகேசரிப் பெருவழின்னு பேரு சொல்ற கல்வெட்டு இருக்கு. முதலாம் ஆதித்த சோழன் காலம், 9-ம் நூற்றாண்டு. தமிழ்லயும் வட்டெழுத்துலயும் வெட்டியிருக்காங்க. ரோட்டுக்குப் பேர்ப்பலகை வெச்ச மனுசனை எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

சூலூர், திருப்பூர் எல்லாம் வெறும் டிராபிக். படியூர் தாண்டினதும்தான் உசுரே வந்துச்சு. ரெண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட கொறங்காடு, வெள்வேல மரத்தடியில காங்கேயம் மாடுக. முன்னாடி போறவன் இடது கையைத் தூக்கினா கடைசி வண்டி வரைக்கும் ஒவ்வொரு கையா மேல போகும், ஒன்பதும் ஒண்ணா மெதுவாகும். தனியா ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் இந்த சொகம் வராது.

அந்தக் காலத்துலயும் கூட்டமாத்தான் போயிருக்காங்க, ஆனா ஜாலிக்கு இல்ல. வழிப்பறிக்குப் பயந்து. வணிகர் கூட்டத்துக்குச் சாத்துன்னு பேரு. உப்பு விக்கற உமணர்கள் வண்டிக்கு அடியில இன்னொரு அச்சும் கட்டிட்டுப் போனதைப் புறநானூறு சொல்லுது. இதை நான் விளக்கிட்டு இருக்கும்போதே ஒரு புல்லட்டுக்கு கிளட்ச் கேபிள் அறுந்துச்சு. நல்லவேளை, நாங்களும் ஒண்ணு கட்டிட்டு வந்திருந்தோம்.

நொய்யலைத் தாண்டி கொடுமணல். பதிற்றுப்பத்துல வர்ற கொடுமணம் இதுதாங்கறாங்க. பசங்க சுத்திப் பாத்துட்டு, "இந்தக் காட்டைப் பாக்கவாடா வந்தோம்?"னாங்க. தப்பில்ல, பார்க்க உழுத காடுதான். ஆனா 1985-ல தொடங்கி இங்க தோண்டித் தோண்டி எடுத்தது கொஞ்சமா? இரும்பு உருக்கின உலை, கல்மணி செஞ்ச பட்டறைகள், தமிழி எழுத்து கீறின நூத்துக்கணக்கான பானை ஓடு. பச்சைக்கல் நாங்க தாண்டி வந்த படியூர்ல கிடைச்சது. ரோமாபுரி வரைக்கும் கேட்டு வாங்கின கல்லு. சூதுபவள மணிக்கு மூலக்கல்லு குஜராத்துல இருந்து வந்திருக்கு. ஓடுகள்ல வடநாட்டுப் பேருகளும் இருக்கு. அதாவது வெளியூர்க்காரன் வந்து, தங்கி, தன் பேரை எழுதின பானையில சோறு தின்னிருக்கான். இதைச் சொன்னதும் ஐதராபாத்ல ரூம் போட்டு இருந்த நண்பன் மட்டும் குனிஞ்சு ஓட்டைத் தேட ஆரம்பிச்சான். (எடுக்கக் கூடாதுப்பான்னு தடுத்துட்டேன்.)

பக்கத்துலயே ஒரத்துப்பாளையம் அணை. 1992-ல பாசனத்துக்காகத் திறந்தது. ஆனா தேங்கினது திருப்பூர் சாயத்தண்ணி. விவசாயிங்க கோர்ட்டுக்குப் போய், கடைசியில 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. கழிவை வெளியே விடாம சுத்திகரிச்சாத்தான் ஓட்டலாம்னு ஆச்சு.

எங்க அப்புச்சி தோட்டம் அந்த அணைக்குக் கீழதான். ஒன்பது வண்டி வாசல்ல நின்னதும் அவருக்குப் பெருமை தாங்கல. "அல்லாரும் உக்காருங் கண்ணு, எளநி குடிச்சுட்டுப் போலாம்"னு சொல்லிட்டு, மொபெட்டை எடுத்துட்டு எங்கியோ போனாரு. தோப்புல இருவது மரம் நிக்குது, எங்க போறாருன்னு பசங்களுக்குப் புரியல. நான் ஒண்ணும் சொல்லல.

அரை மணி நேரம் கழிச்சு சென்னிமலை ரோட்டுக் கடையில இருந்து பத்து எளநி வாங்கிட்டு வந்தாரு. குடிச்சுட்டு, இருட்டறதுக்குள்ள கரூர் போய்ச் சேரணும்னு கிளம்பினோம்.