தானியா லமார்க்கா

தானியா லமார்க்கா செலாதா (பிறப்பு: ஏப்ரல் 30, 1980) எசுப்பானிய நாட்டைச் சேர்ந்த முன்னாள் சீருடற்பயிற்சி வீராங்கனை ஆவார். ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் எனப்படும் லயச் சீருடற்பயிற்சியின் குழுப் பிரிவில் பங்கேற்றவர். 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக் போட்டிகளில் தங்கப் பதக்கம் வென்ற எசுப்பானியக் குழுவின் ஆறு பேரில் இவரும் ஒருவர். ஒலிம்பிக்கில் இக்குழுப் போட்டி நடத்தப்பட்டது அதுவே முதல் முறையாகும். பன்னாட்டுப் போட்டிகளில் இவருடைய காலம் மிகக் குறுகியது. 1995இல் உலகப் போட்டியில் களமிறங்கிய இவர், 1997இல் தேசியக் குழுவிலிருந்து விலக நேர்ந்தது.

குழுப் பிரிவு

லயச் சீருடற்பயிற்சி பெண்களுக்கான ஒலிம்பிக் விளையாட்டு. கயிறு, வளையம், பந்து, தண்டு, நாடா ஆகிய கருவிகளைக் கையாண்டபடி இசைக்கேற்ப உடலை அசைத்து, வளைத்து, சுழன்று ஆடுவது இதன் அடிப்படை. கம்பிகளில் தொங்குவதோ மேடை தாண்டிக் குதிப்பதோ இதில் இல்லை. உலகப் போட்டிகள் 1963இல் தொடங்கின. தனிநபர் பிரிவு 1984இலும் குழுப் பிரிவு 1996இலும் ஒலிம்பிக்கில் இடம் பெற்றன.

குழுப் பிரிவில் ஐவர் ஒரே நேரத்தில் களத்தில் இருப்பர். முன்னர் அறுவராக இருந்தது 1995இல் ஐவராகக் குறைக்கப்பட்டது. இன்றைய விதிகளின்படி 13 மீட்டர் நீள அகலமுள்ள சதுர விரிப்பில், இரண்டேகால் நிமிடம் முதல் இரண்டரை நிமிடத்துக்குள் ஆட்டம் முடிய வேண்டும். இதற்குள் கருவிகளை ஒருவருக்கொருவர் எறிந்து மாற்றிக்கொள்ள வேண்டும். அணிவகுப்பு வடிவங்களும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஊர்ப் பின்னல் கோலாட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் கடினம் எளிதில் விளங்கும். அதில் ஒருவர் ஓரடி தவறினாலும் கயிற்றுப் பின்னல் முழுவதும் சிக்கலாகிவிடும். இங்கும் அப்படித்தான். ஒருவர் கை நழுவவிட்ட பந்துக்கு ஐவரும் சேர்ந்தே புள்ளிகளை இழப்பர். ஆனால் முடிவுப் பட்டியலில் நாட்டின் பெயரே முதலில் நிற்கும். தனிநபர் பிரிவில் வென்றவரை நினைவில் வைத்திருக்கும் இரசிகர்களும் குழுவில் ஆடியவர்களின் பெயர்களை அறிந்திருப்பது அரிது.

பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகளில் (தில்லி, 2010 உட்பட) வழங்கப்படும் "அணி"ப் பதக்கம் இதனின்று வேறானது. அது தனித்தனியாக ஆடியவர்களின் புள்ளிகளைக் கூட்டித் தரப்படுவது.

தொடக்கம்

லமார்க்கா பாஸ்க்கு நாட்டின் தலைநகரான விட்டோரியா நகரில் பிறந்தார். பெரிய நகரம் அன்று எனினும் லயச் சீருடற்பயிற்சியில் விட்டோரியாவுக்குத் தனி இடம் உண்டு. 1996இல் தங்கம் வென்ற அறுவரில் லமார்க்கா, எஸ்திபாலிஸ் மார்த்தினெஸ், லொரேனா குரெந்தெஸ் ஆகிய மூவரும் இந்நகரத்தவரே. மற்ற மூவர் மார்த்தா பால்தோ, நூரியா கபானியாஸ், எஸ்தெலா ஹிமேனெஸ் ஆவர்.

தேசியக் குழுவுக்குத் தேர்வானவர்கள் பெற்றோரை விட்டு மத்ரித் நகருக்குக் குடிபெயர்ந்தனர். கனியேஹாஸ் பகுதியில் ஒரு வீட்டில் அனைவரும் ஒன்றாகத் தங்கி, மொஸ்கார்தோ உடற்பயிற்சிக் கூடத்தில் நாளொன்றுக்குச் சுமார் எட்டு மணி நேரம் பயிற்சி பெற்றனர். பள்ளிப் படிப்பு மிஞ்சிய நேரத்துக்குரியதாயிற்று.

தலைமைப் பயிற்சியாளர் எமிலியா போனெவா பல்கேரியாவில் பிறந்தவர். 1982 முதல் எசுப்பானியாவில் பணியாற்றி வந்தார். இவர் பயிற்சியில் எசுப்பானியக் குழு 1991இல் கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகரில் நடந்த உலகப் போட்டியில் முதன்முறையாக ஒட்டுமொத்தப் பட்டம் பெற்றது. அட்லாண்டாவுக்கான குழுவை இவருடன் சேர்ந்து மரியா ஃபெர்னாண்டெஸ் ஒஸ்தோலாசா பயிற்றுவித்தார். போனெவா 2019இல் காலமானார்.

உலகப் போட்டிகள்

வியன்னா (1995), புடாபெசுட்டு (1996) ஆகிய இரு உலகப் போட்டிகளிலும், மூன்று பந்துகளும் இரண்டு நாடாக்களும் கொண்ட ஆட்டத்தில் லமார்க்கா இடம் பெற்ற குழு தங்கம் வென்றது. ஆயினும் இரு ஆண்டுகளிலும் ஒட்டுமொத்தப் பட்டத்தைப் பல்கேரியாவே தட்டிச் சென்றது. எனவே ஒலிம்பிக்கில் வெல்லும் வாய்ப்பு பல்கேரியாவுக்கே மிகுதி எனக் கருதப்பட்டதில் வியப்பில்லை.

அட்லாண்டா 1996

இறுதிப் போட்டி ஆகத்து 2, 1996 அன்று நடைபெற்றது. இடம் அட்லாண்டா நகரன்று. அதே ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள மற்றோர் ஏதென்ஸ் நகரின் பல்கலைக்கழக உள்ளரங்கம். எசுப்பானிய வீராங்கனைகளின் வயது 15 முதல் 17 வரை. லமார்க்காவுக்கு வயது 16.

ஐந்து வளையங்கள் கொண்ட ஆட்டம், மூன்று பந்துகளும் இரண்டு நாடாக்களும் கொண்ட ஆட்டம் என இரண்டு ஆட்டங்கள். இரண்டுக்கும் சேர்த்து உச்ச அளவு 40 புள்ளிகள். எசுப்பானியா 38.933, பல்கேரியா 38.866, உருசியா 38.365 புள்ளிகள் பெற்றன. முதலிரு இடங்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு 0.067 மட்டுமே. பல்கேரியாவில் பிறந்த பயிற்சியாளரின் குழு பல்கேரியாவை வென்றது இப்போட்டியின் சுவையான முரண். அவ்வொலிம்பிக்கில் எசுப்பானியா பெற்ற ஐந்து தங்கங்களில் இது ஒன்று. நாடு திரும்பிய அறுவரும் "பொற்சிறுமியர்" என்ற பட்டப்பெயரால் அறியப்பட்டனர்.

குழுவிலிருந்து விலகல்

ஒலிம்பிக்குக்குப் பின் போனெவா பொறுப்பிலிருந்து விலகினார். வென்ற குழுவும் விரைவில் கலைந்தது. தொடர்ந்து ஆட விரும்பிய லமார்க்கா 1997இல் வெளியேற்றப்பட்டார். உடல் எடை கூடிவிட்டது என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது என அவர் பின்னாளில் எழுதியுள்ளார். கூடியதாகச் சொல்லப்பட்டது ஓரிரு கிலோ அளவே.

இது லமார்க்கா ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. இவ்விளையாட்டில் உடலின் தோற்றமும் நடுவர்களின் கண்ணில் படுகிறது என்பதால், மெலிந்த உடல் வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நெடுங்காலமாக நிலவி வருகிறது. வீராங்கனைகள் உச்சத்தை எட்டும் 15 முதல் 18 வரையான வயதோ, பெண்ணுடல் இயல்பாகவே வளர்ந்து மாறும் பருவம். குழுப் பிரிவில் நெருக்கடி இன்னும் கூடுதல். ஐவரும் ஒரே அச்சில் வார்த்தது போலத் தோன்ற வேண்டும். ஒருவர் மாறினால் அவ்விடத்தை நிரப்ப அடுத்தவர் காத்திருப்பார். எட்டு மணி நேரப் பயிற்சிக்குப் போதிய உணவு இல்லாமை, எலும்புத் தேய்மானம், மாதவிடாய் தடைப்படுதல் போன்றவற்றுக்கு வழிவகுக்கும் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி.

நூல்

லமார்க்கா, இதழாளர் கிறிஸ்தினா கயோவுடன் இணைந்து தம் வரலாற்றை 2008இல் நூலாக வெளியிட்டார். "ஒரு பதக்கத்திற்காகக் கண்ணீர்" என்பது அதன் எசுப்பானியத் தலைப்பின் பொருள். வெற்றியின் மகிழ்ச்சியுடன், பசியையும் எடை பார்க்கும் கருவியின் முன் நின்ற அச்சத்தையும் நூல் பேசுகிறது. பதக்கம் வென்றவர்களே இவ்வாறு வெளிப்படையாக எழுதுவது அக்காலத்தில் அரிது. 2022இல் இத்தாலியின் முன்னாள் குழு வீராங்கனைகள் சிலர் எடை தொடர்பாகத் தமக்கு நேர்ந்த அவமதிப்புகளைப் பொதுவெளியில் தெரிவித்தபோது, அவர்கள் சொன்னவை இந்நூலின் பக்கங்களை ஒத்திருந்தன. இதற்கிடையே 2019இல் பன்னாட்டுச் சீருடற்பயிற்சிக் கூட்டமைப்பு, துன்புறுத்தல் முறையீடுகளை விசாரிக்கத் தனியான அறக்கட்டளை ஒன்றை நிறுவியது.

பின்னர்

2000 முதல் 2016 வரை ஐந்து ஒலிம்பிக் போட்டிகளிலும் குழுத் தங்கத்தை உருசியாவே வென்றது. கொரோனா பெருந்தொற்றால் 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் பல்கேரியாவும், 2024 பாரிசு ஒலிம்பிக்கில் சீனாவும் வென்றன. சீனா, இப்பிரிவில் தங்கம் பெற்ற முதல் ஆசிய நாடு. எசுப்பானியக் குழு 2016இல் இரியோவில் வெள்ளி வென்றது. லயச் சீருடற்பயிற்சியில் அந்நாடு பெற்ற ஒரே ஒலிம்பிக் தங்கம் 1996இல் லமார்க்காவும் அவர் தோழியரும் வென்றதேயாகும் (2024 வரை).