பெயரில்லா இடத்தைத் தேடி: தாள் வரைபடமும் சயாம் ரயில்பாதையும்

பெயருள்ள ஊரைக் கண்டுபிடிப்பது அரிய செயலன்று. வழியில் எதிர்ப்படும் ஒருவரிடம், "ஐயா, இந்தக் கம்பத்துக்கு எந்தச் சடக்கு?" என்று கேட்டால் போதும். பெயரே இல்லாத ஓர் இடத்தை எவ்வாறு கேட்பது? காட்டினுள் ஓடையொன்று இரண்டாகப் பிரியும் முனைக்கோ, மலைச்சரிவில் தனித்து நிற்கும் ஒரு பாறைக்கோ யாரும் பெயர் இடுவதில்லை. அங்கே ஒருவரை அனுப்பவேண்டுமாயின், தாள் வரைபடத்தின்மீது வரையப்பட்ட கட்டங்களே துணை.

1:50,000 அளவில் அமைந்த ஒரு தாளை விரித்துக் கொள்வோம். அதில் ஒவ்வொரு கட்டத்தின் பக்கமும் இரண்டு சென்டிமீட்டர்; நிலத்தில் அது ஒரு கிலோமீட்டர். 784219 என்ற ஆறு இலக்கங்களைக் கொடுத்தால், 78 என்று குறித்த நெடுக்குக் கோட்டிலிருந்து வலப்பக்கமாக நான்கு பத்தில் ஒரு பங்குகளும், 21 என்று குறித்த கிடைக்கோட்டிலிருந்து மேல்நோக்கி ஒன்பது பங்குகளும் நகரவேண்டும். கிடைக்கும் சிறு சதுரம் நிலத்தில் நூறு மீட்டர் பக்கமுடையது. முதலில் வலம், பிறகு மேல் என்னும் இந்த வரிசையை மாற்றிப் படித்த மாணவர் வேறொரு குன்றின் உச்சியில் நின்றுகொண்டு ஆசிரியரைத் தேடுவார். சாரணர் முகாம் நடத்தியவர்களுக்கு இது புதிதன்று.

நிலத்தைக் கட்டமிட்டு எண்ணால் அழைக்கும் இம்முறை பரவலான பயன்பாட்டுக்கு வந்தது முதல் உலகப்போரின்போதுதான். பிரான்சின் போர்முனையில் ஊர்களும் தோப்புகளும் பீரங்கியால் தரைமட்டமாயின. பெயரைச் சொல்லி இடத்தைக் காட்ட வழியில்லாது போயிற்று. ஆகவே பிரிட்டிஷ் படையினர் தாளை எழுத்திட்ட பெருங்கட்டங்களாகவும், அவற்றை ஆயிரம் கெஜச் சதுரங்களாகவும் பகுத்தனர்.

மலாயாவின் கட்டங்களுக்கு வேறொரு வரலாறு உண்டு. தீபகற்பம் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்ந்து கிடப்பதால், வழக்கமான முறையில் அதைத் தட்டையான தாளில் இறக்கினால் ஓரங்களில் பிழை மிகும். இதற்கென 1940களில் மார்ட்டின் ஹோட்டீன் என்னும் நில அளவையாளர் சாய்ந்த அச்சு ஒன்றை வைத்துக் கணக்கிடும் முறையை வகுத்தார். பகாங்கிலுள்ள கெர்த்தாவ் குன்று அளவைகளின் தொடக்கப் புள்ளியாயிற்று. இக்கணக்குக்குப் பூமியின் பருமன் தெரிந்தாகவேண்டும். அதற்கு மலாயாவில் எடுத்தாளப்பட்டது, ஜார்ஜ் எவரெஸ்ட் 1830ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவின் சற்றே திருத்திய வடிவம்.

எவரெஸ்டின் அளவுக்கு அடிப்படையாக நின்றது இந்தியாவில் தெற்கு வடக்காக அளக்கப்பட்ட நீண்ட வில். அவ்வேலையின் தொடக்கம் தமிழகத்தில். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கி, 57 நாள்களில் முடித்தார். கோணங்களை அளக்கும் கருவி அரை டன் எடையுடையது. 1808இல் அதைத் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்துக்கு ஏற்றுகையில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் பல வாரங்கள் முயன்று அதைத் தம் கையாலேயே சீர்செய்தார். அக்கருவியைச் சுமந்தவர்களும் மலையுச்சிகளில் கொடி பிடித்து நின்றவர்களும் யாவர் என்பதை வரைபடம் சொல்வதில்லை. ஆயினும் பகாங்கில் ஒருவர் படிக்கும் ஆறு இலக்கத்தின் அடியில் பரங்கிமலையில் நீட்டிய அந்தச் சங்கிலி கிடக்கிறது.

எண்ணைப் பெற்றபின் அவ்விடத்துக்கு நடந்து சேரவேண்டும். திறந்த வெளியில் தெரிகின்ற இரு குன்றுகளைத் திசைகாட்டியால் நோக்கி, அவற்றின் கோணங்களைத் தாளில் பின்னோக்கி வரைந்தால், கோடுகள் வெட்டும் இடமே நாம் நிற்கும் இடம். நம் நிலப்பகுதியில் காந்த வடக்குக்கும் மெய் வடக்குக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிது என்பதால் கணக்கும் எளிது. ஆனால் நம் காடுகளில் குன்று எங்கே தெரிகிறது? முப்பது அடிக்கு அப்பால் இலைதான் தெரியும். ஆகையால் காட்டில் நடப்போர் அடிகளை எண்ணிச் செல்வர். ஓடை, மலைமுகடு, பழைய பாதை போன்ற தெளிவான ஒரு கோட்டைப் பற்றிக்கொண்டு, அதிலிருந்து இத்தனை அடி விலகு என்று இடத்தைக் குறிப்பர். ஒரு கோடும் அதன் நெடுகே ஓர் எண்ணும் கிடைத்தால், அடர்ந்த காட்டிலும் பெயரில்லா இடத்தை அடையலாம்.

இவ்வாறு தேடிய தேடல்களுள் நம் மக்களின் வரலாற்றோடு நெருங்கிய ஒன்றை இனிக் காண்போம்.

ஜப்பானியப் படை 1942இல் தொடங்கிய சயாம்–பர்மா ரயில்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். இருபுறமிருந்தும் போடப்பட்ட தண்டவாளங்கள் 1943 அக்டோபர் 17 அன்று கொன்கொய்த்தாவில் இணைந்தன. நேச நாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் உழைத்தனர். ஏறத்தாழ 12,000 பேர் மாண்டனர். இறந்தவர்கள் முகாமை ஒட்டிய காட்டிலேயே புதைக்கப்பட்டனர். அவ்விடங்கள் பெரும்பாலானவற்றுக்குப் பெயரில்லை. பர்மா பக்கத்து முகாம்கள் பல, தான்பியூசயாத்திலிருந்து எண்ணிய தொலைவாலேயே 55 கிலோ முகாம், 105 கிலோ முகாம் என்று அழைக்கப்பட்டன.

கைதிகள் தம் தோழர்களை அடக்கம் செய்தபோது யார், எந்த நாள், எந்த வரிசையில் எத்தனையாவது குழி என்பதை மறைவாக எழுதினர். பாதையிலிருந்தும் ஓடையிலிருந்தும் உள்ள தொலைவைக் காட்டும் கைப்படங்களை வரைந்தனர். காவலர் கண்ணில் படாதிருக்கச் சில ஏடுகள் தகரத்திலும் புட்டியிலும் அடைக்கப்பட்டு மண்ணில் புதைக்கப்பட்டன. போர் முடிந்ததும் 1945 செப்டம்பர் 22 முதல் அக்டோபர் 10 வரை பதின்மூவர் கொண்ட ஒரு குழு அதே பாதையில் ரயிலேறி, இத்தாள்களை வைத்துக்கொண்டு தேடியது. மழைக்காலத்தின் இறுதி, மூங்கிலும் புல்லும் மண்டியிருந்தன. மூன்று வாரங்களுக்குள் 144 இடுகாடுகளையும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கல்லறைகளையும் அவர்கள் கண்டறிந்தனர். கிடைக்காமற்போனவை 52. இன்று காஞ்சனபுரிப் பெருங்கல்லறையில் ஏறத்தாழ ஏழாயிரம் பேர் வரிசையாக உறங்குவது அந்தத் தாள்களின் பயனே.

அதே பாதையில் மலாயாவிலிருந்து சென்ற தொழிலாளர் ஏறத்தாழ 75,000 பேர். அவருள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். அவருள் எத்தனை பேர் திரும்பவில்லை என்பதில் கணக்குகள் வேறுபடுகின்றன. பல்லாயிரவர் என்பதில் ஐயமில்லை. அவர்களுக்குள் குழிகளைப் பதிவுசெய்யும் அலுவலர் இல்லை, மருத்துவர் அரிது, தாளும் எழுதுகோலும் அதனினும் அரிது. 1943இன் மழையில் வாந்திபேதி பரவியபோது ஒரே குழியில் பலரைப் புதைத்தனர். சில இடங்களில் எரித்தனர். ஊரில் தோட்டத்துச் செக்ரோலில் அவர்கள் பெயர் இருந்தது. கிராணி அதை ஒரு கோட்டால் அடித்தார். பெயர் ஒரு நாட்டிலும் இடம் மற்றொரு நாட்டிலுமாகப் பிரிந்து நின்றன. இரண்டையும் இணைக்கும் தாள் எழுதப்படவே இல்லை. 1945இன் குழு இவர்களைத் தேட அனுப்பப்படவும் இல்லை. 1990இல் காஞ்சனபுரியில் ஒரு வயலைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் கிடைத்தன. ஆசியத் தொழிலாளருடையவை என்று கருதப்பட்ட அவற்றுள் எது யாருடையது என்று சொல்ல எவராலும் இயலவில்லை. அண்மை ஆண்டுகளில் அந்நகரின் பௌத்த ஆலயம் ஒன்றில் தமிழரின் நினைவாக நடுகல் ஒன்று நாட்டப்பட்டுள்ளது.

எஞ்சியிருப்பது வாய்மொழி. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பதிவுசெய்யப்பட்ட முதியோர் நேர்காணல்களில் இப்பாதையைப் பற்றிய சொற்கள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை வரைபடத்தோடு வைத்துப் படிக்க மாணவர்கள் பழகவேண்டும் என்பது நம் விருப்பம். எல்லாக் குறிப்பும் பயன்படாது. "ஆறு இடப்பக்கம் ஓடிச்சு" என்று ஒரு பாட்டனார் சொல்லியிருந்தால், அதனால் இடம் தெரியாது. வடமேற்காகச் செல்வோருக்குப் பெரும்பாலான தொலைவு வரை குவாய் நொய் ஆறு இடப்பக்கமே ஓடுகிறது. "பாறையை வெட்டிப் போட்ட வழியைத் தாண்டி அரை நாள் நடந்தோம்" என்றால் தாளில் விரல் வைக்க ஓர் இடம் உண்டு. முகாமின் கிலோ எண்ணை நினைவில் வைத்திருந்தவரின் சொல் இன்னும் விலையுயர்ந்தது. அப்போது எந்த முனையிலிருந்து எண்ணினார் என்பதைக் கேட்டாகவேண்டும். சயாம் பக்கத்து எண்கள் நோங் பிளாடுக்கிலிருந்து தொடங்கின.

இன்று ரயில் நாம் தோக் நிலையம் வரையில்தான் ஓடுகிறது. அதற்கு அப்பால் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுவிட்டன. 1980களில் குவாய் நொய் ஆற்றின் குறுக்கே அணை எழுந்தபின், கொன்கொய்த்தாவைச் சூழ்ந்த பாதையின் ஒரு பகுதி நீருக்குள் போயிற்று. இன்றைய வரைபடத்தில் அங்கே நீலம் மட்டுமே உள்ளது. போர்க்காலத் தாள்களில் பாதையும் ஓடைகளும் கிலோமீட்டர் எண்களும் அப்படியே இருக்கின்றன.