பசிபிக் போர்க்களம்: அப்பா வாங்கிய பதக்கம்

சென்ற வாரம் அமெரிக்கத் தளபதி டக்ளஸ் மெக்ஆர்தரைப் பிலிப்பைன்ஸின் கொரிகிடோர் தீவின் படகுத்துறையில் நிறுத்தியிருந்தோம். 1942 மார்ச் 11, இரவு. மனைவி ஜீன், நான்கு வயது மகன், அவனை வளர்த்த சீன ஆயா எல்லோரும் ‘பி.டி. 41’ படகில் ஏறிவிட்டார்கள். எதிரே பத்தான் தீபகற்பத்தில் அவருடைய வீரர்கள் ஜப்பானியரோடு அரைவயிற்றில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கிளம்பு என்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் உத்தரவிட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. இவ்வளவு நாள் ஏன் இழுத்தடித்தார்?

அதற்குப் பதில் வேண்டுமென்றால் அவருடைய அப்பாவைப் பார்த்தாக வேண்டும். படகு கொஞ்சம் காத்திருக்கட்டும்.

1863 நவம்பர் 25. அமெரிக்க உள்நாட்டுப் போர். டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகருக்கு அருகே மிஷனரி ரிட்ஜ் என்ற குன்று. உச்சியில் தென் மாநிலப் படை, பீரங்கிகளோடு. அடிவாரத்துப் பதுங்குகுழிகளைப் பிடித்தால் போதும் என்பதுதான் வட மாநிலப் படைக்குத் தளபதி கிராண்ட் கொடுத்திருந்த உத்தரவு. பிடித்தார்கள். பிடித்த பிறகுதான் அங்கே நின்றால் மேலிருந்து சுடுபவர்களுக்கு இரையாவோம் என்று புரிந்தது. மேலிடத்து உத்தரவு எதுவும் இல்லாமலே ஏறத் தொடங்கிவிட்டார்கள். தொலைவிலிருந்து பார்த்த கிராண்ட், யார் இவர்களை மேலே அனுப்பியது என்று சீறினார். பக்கத்தில் நின்ற தளபதி தாமஸுக்கும் தெரியவில்லை.

அன்றைய போரில் புகைமூட்டத்துக்குள் வீரனுக்கு வழிகாட்டி அவனுடைய படைப்பிரிவின் கொடிதான். எதிரி முதலில் குறிவைப்பதும் கொடி பிடித்தவனைத்தான். விஸ்கான்சின் 24-ஆவது படைப்பிரிவில் கொடி பிடித்தவர்கள் அடுத்தடுத்து விழுந்தார்கள். கீழே கிடந்த கொடியை எடுத்துக்கொண்டு மேலே ஓடியவன் 18 வயதுப் பையன், ஆர்தர் மெக்ஆர்தர். மில்வாக்கி நீதிபதி ஒருவரின் மகன். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் இடம் கிடைக்காததால் 17 வயதில் நேரே படைக்கு வந்தவன். அவனுடைய கீச்சுக்குரலைக் கேட்டு ஆரம்பத்தில் வீரர்கள் சிரித்திருக்கிறார்கள். அன்று உச்சியில் அவன் கொடியை நட்டபோது அவர்கள்தான் அவன் பின்னால் வந்து சேர்ந்தார்கள். மறு ஆண்டு ஃபிராங்க்ளின் சண்டையில் பலத்த குண்டடி பட்டும் பிழைத்தான். 19 வயதில் கௌரவ கர்னல்!

அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப்பதக்கமான ‘மெடல் ஆஃப் ஹானர்’ அந்த மிஷனரி ரிட்ஜ் வீரத்துக்காக அவருக்கு வந்து சேர்ந்தது 1890-இல்தான். அதற்கு முன் கேப்டன் பதவியிலேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் எல்லைப்புறக் கோட்டைகளில் காலம் தள்ளினார். 1880-இல் டக்ளஸ் பிறந்ததும் ஒரு ராணுவக் குடியிருப்பில்தான்.

1900-இல் ஆர்தர் பிலிப்பைன்ஸின் ராணுவ ஆளுநர். இங்கே நம்முடைய கதாநாயகனின் சாயம் கொஞ்சம் வெளுக்கிறது. விடுதலை கேட்ட பிலிப்பினோக்களை அடக்கிய படைக்குத் தலைவர் அவர்தான். வாஷிங்டன் அனுப்பிய சிவில் அதிகாரி டாஃப்டையும் மதிக்கவில்லை. டாஃப்ட் பிற்பாடு போர் அமைச்சரானார், ஜனாதிபதியும் ஆனார். ஆர்தருக்கு ராணுவத் தலைமைப் பதவி கிடைக்காமலே போனது. 1912-இல், தன் பழைய படைப்பிரிவினரின் ஒன்றுகூடலில் பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்து இறந்தார். சீருடையில் தன்னைப் புதைக்கக் கூடாது என்பது அவர் விருப்பம். அவ்வளவு கசப்பு.

ஆனால் இந்தக் குடும்பத்தின் உண்மையான தளபதி பிங்கி என்கிற மேரி, டக்ளஸின் அம்மா. வர்ஜீனியாக்காரி. வடக்கத்திச் சிப்பாயைக் கட்டிக்கொள்கிறாள் என்று தென் படையில் சண்டையிட்ட அவருடைய சகோதரர்கள் இருவர் கல்யாணத்துக்கே வரவில்லை. மூத்த மகனைக் கடற்படைக்கு அனுப்பினார். டக்ளஸ் வெஸ்ட் பாயின்ட்டில் படித்தபோது கல்லூரிக்குப் பக்கத்திலேயே ஓட்டலில் குடியேறினார். 1903-இல் மகன் முதல் மாணவனாகத் தேறினான். பிற்பாடு தளபதி பெர்ஷிங்குக்கே கடிதம் எழுதி மகனுக்குப் பதவி உயர்வு கேட்ட தாய் இவர்.

இப்படி வளர்ந்தவருக்கு அப்பாவின் பதக்கம் கண்ணை உறுத்தாமல் இருக்குமா? 1914-இல் மெக்சிகோவின் வேராக்ரூஸில் செய்த சாகசத்துக்காக டக்ளஸின் பெயர் அதே பதக்கத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டது; நிராகரிக்கப்பட்டது. முதல் உலகப் போரிலும் அதே கதை. அப்படிப்பட்டவருக்குப் படையை விட்டுப் படகேறுவது எப்படி இருந்திருக்கும்!

படகு மிண்டனாவோ தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கடல் பயணம் அடுத்த இதழில். மிண்டனாவோவிலிருந்து ஆஸ்திரேலியா போய் இறங்கிய சில நாட்களிலேயே அந்தப் பதக்கம் அவருக்கு அறிவிக்கப்பட்டது. தளபதி ஓடிவிட்டார் என்ற எதிரியின் பிரசாரத்துக்குப் பதிலடியாக ராணுவத் தலைமைத் தளபதி மார்ஷல் செய்த ஏற்பாடு அது. முற்றுகையின்போது பத்தான் போர்முனைக்கு டக்ளஸ் போனது ஒரே ஒரு முறை. அப்பா குண்டுமழையில் எடுத்ததை மகனுக்கு அரசியல் கொடுத்தது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

பிலிப்பைன்ஸில் விட்டுவரப்பட்ட தளபதி வெயின்ரைட்டுக்கும் அதே பதக்கத்தைக் கொடுக்கலாம் என்று அந்த ஆண்டே மார்ஷல் யோசித்தார். கூடாது என்று எதிர்த்தவர் மெக்ஆர்தர். ஜப்பானியரிடம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் கைதியாக இருந்து எலும்பும் தோலுமாக மீண்ட பிறகு, 1945 செப்டம்பரில்தான் வெயின்ரைட் அதை ஜனாதிபதி ட்ரூமன் கையால் வாங்கினார்.

(தொடரும்)