மாவை வை, அரிசியை வைக்காதே

1960களில் அமெரிக்காவின் எம்ஐடியில், பலர் பகிர்ந்துகொண்ட சிடிஎஸ்எஸ் என்ற கம்ப்யூட்டர் சிஸ்டத்தில் லாகின் செய்தவர்களுக்கு, வழக்கமான அறிவிப்புக்குப் பதிலா எல்லாருடைய பாஸ்வேர்டும் டைப் ஆகி வந்தது. யாரும் ஹேக் பண்ணல. ஒரே நேரத்தில் திருத்தப்பட்ட ரெண்டு ஃபைல் இடம் மாறிடுச்சு, அவ்ளோதான். பாஸ்வேர்டை அப்படியே எழுதி வச்சிருந்ததுதான் வினை.

1979ல் பெல் லேப்ஸின் ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் ஒரு கட்டுரையில் இந்தச் சம்பவத்தைச் சொல்லி, யூனிக்ஸின் வழியை விளக்கினாங்க. பாஸ்வேர்டை அரைச்சு மாவை மட்டும் வைக்கணும். மாவிலிருந்து அரிசியை எடுக்க முடியாது. லாகின் பண்ணும்போது நீங்க டைப் செய்றதையும் அரைச்சு, ரெண்டு மாவும் ஒண்ணான்னு பார்க்கும். அதுதான் ஹாஷ். ஆனா ரெண்டு பேர் ஒரே பாஸ்வேர்டு வச்சா ஒரே மாவு வருமே? அதுக்காக, 4096 வகையில் ஏதோ ஒரு 'உப்பு' சேர்த்து அரைச்சாங்க.

முப்பது வருஷம் கழிச்சு, 2009ல் ராக்யூ தளத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் திருடு போச்சு. எல்லாமே அரைக்காத அரிசி!

ஒரு தளத்தை எடைபோட நான் பார்ப்பது இதைத்தான்: 'மறந்துட்டேன்'னு அழுத்தினா பழைய பாஸ்வேர்டையே அனுப்புதா? அப்போ அங்கே மாவு இல்ல. அந்தப் பாஸ்வேர்டை வேறெங்கும் வைக்காதீங்க. ஞாபகம் வைக்கிறது உங்க வேலை, இல்லைன்னா உங்க பாஸ்வேர்டு மேனேஜர் வேலை. தளத்துக்கு அது தெரியவே கூடாது.