ஊரிக்குப் பேர் வச்சவங்க: தரங்கம்பாடி முதல் நியூகாசில் வரை

மரக்காணம் பக்கம் உப்பங்கழி ஓரச் சேற்றைக் கிளறினால், நீளமா, கூம்பு மாதிரி, வரிவரியா ஒரு சின்ன நத்தை கை நிறைய வரும். ஊரின்னு பொதுவா சொல்லிட்டுப் போயிடுவோம். வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் கல்லோ மண்ணோ எடுத்துப் போடும்போது இதுவும் கூடவே வந்து சேரும். அப்புறம்தான் கேள்வி: இது என்ன, இருக்கட்டுமா, எடுத்துடணுமா?

இதன் இன்றைய அறிவியல் பெயர் பிரெனெல்லா சிங்குலாட்டா. பழைய புத்தகங்களில் செரித்திடியா என்று இருக்கும். 2016இல் ரீட், ஒசாவா இருவரும் இந்தக் கூட்டத்தையே திரும்ப ஆராய்ந்து பிரித்தார்கள். 'சிங்குலாட்டா' மட்டும் 1791இல் க்மெலின் வைத்தது, அது மாறவில்லை. பாசியையும் சேற்றுப் படலத்தையும் மேய்கிற சாது. இருக்கட்டும்.

க்மெலின் நம்ம கரையை மிதித்தவர் இல்லை. பல கிளிஞ்சல்களுக்கு அவர் பெயர் வைத்தது, கோபன்ஹேகனில் பாதிரியாக இருந்த கெம்னிட்ஸ் வெளியிட்ட வண்ணப் படங்களைப் பார்த்து. கெம்னிட்ஸுக்குச் சிப்பியும் சங்கும் அனுப்பியவர்களில் ஒருவர் 1771இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி கிறிஸ்டோப் சாமுவேல் ஜான். மரக்காணத்திலிருந்து தெற்கே போனால் அதே கரைதான். (நம்ம கத்தாழை மீன் குடும்பத்தில் 'ஜானியஸ்' என்று ஒரு பேரினம் இருக்கே, அது இவர் பெயர்தான்.)

ஓடு இருந்ததால் இது நடந்தது. மாசக்கணக்கில் கப்பலில் போனாலும் ஓடு ஓடாகவே போய்ச் சேரும். ஓடில்லாத கடல் நத்தைக்கு அந்த வசதி கிடையாது. (கடல் அட்டையோடு குழப்பிக்க வேண்டாம், அது நட்சத்திரமீனுக்குச் சொந்தக்காரன்.) சாராயத்தில் போட்டால் நிறம் போயிடும், உடம்பு சுருங்கிடும், மிஞ்சுவது வெளிறிய ஒரு கட்டி. அதை வைத்து யார் என்ன சொல்ல முடியும்?

இதற்கு வழி கண்டவர்களில் ஒருவர் சென்னை மாகாண அதிகாரி வால்டர் எலியட், அமராவதிச் சிற்பங்களைச் சென்னைக்குக் கொண்டுவந்த அதே ஆள். விசாகப்பட்டினம் பக்கம் பிடித்த நத்தைகளைப் படமாக வரையவைத்து, படங்களையும் மாதிரிகளையும் இங்கிலாந்துக்குக் கொடுத்தார். நியூகாசிலில் இருந்த ஆல்டரும் ஹான்காக்கும் அவற்றை வைத்து 1864இல் கட்டுரை வெளியிட்டார்கள். அதில் வந்த ஒரு புதுப் பேரினத்தின் பெயர் கலிங்கா. ஊர் எதுன்னு சொல்லவே வேண்டாம். படம் வரைந்த கைகளுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை என்பது எனக்கு உறுத்தல்தான்.

இலங்கையில் பிறந்த ராணுவ மருத்துவர் கெலார்ட் கதை இன்னும் பாவம். 1850களின் கடைசியில் திருகோணமலைக் கடலில் உயிரோடு பார்த்து நிறைய இனங்களை விவரித்தார். 1860இல் இங்கிலாந்து போகும் வழியில் கப்பலிலேயே இறந்துட்டார். எழுத்துக் குறிப்பு மட்டும் இருந்தால் எது எந்த நத்தைன்னு பின்னால் வருகிறவருக்குச் சிக்கல். நல்லவேளை, அவர் ஓவியங்கள் நியூகாசில் அருங்காட்சியகத்தில் தங்கின. 1906இல் சார்லஸ் எலியட் (முன்னவர் வேற, இவர் வேற) அவற்றையும் ஆல்டர், ஹான்காக் சேகரிப்பையும் ஒப்பிட்டுப் பல பெயர்களைத் தெளிவாக்கினார். இவருக்கு வேலை விலங்கியல் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் கமிஷனர், பிறகு ஜப்பானில் தூதர். நத்தை அவருக்குப் பொழுதுபோக்கு!

ஆக, உங்க தொட்டியில் புதுசா ஒண்ணு ஊர்ந்தால் முதலில் அது உயிரோடு, கொம்பும் செவுளும் விரிந்திருக்கும்போது படம் எடுங்க. எந்தக் கரையிலிருந்து வந்ததுன்னு எழுதி வையுங்க. ஓடில்லாததாக இருந்தால், பெரும்பாலும் அது ஏதோ ஒரு கடற்பஞ்சையோ வேறு ஒரே வகை உயிரையோ மட்டும் தின்னும். அது இல்லாத தொட்டியில் பட்டினி கிடந்தே சாகும், சீக்கிரம் திருப்பி விடுறது நல்லது. ஓடு இருந்து, மேல்பக்கம் அகன்று கீழே குறுகி, வாய் நீளக் கீற்றாக இருந்தால் வெறுங்கையால் தொடாதீங்க. கூம்பு நத்தையாக இருக்கலாம், அதில் ஒரு இனம் கொட்டி மனிதர்கள் இறந்திருக்கிறார்கள்.