"பொது" என்பது யாரைக் குறிக்கும்? – சட்டச் சொல்லும் நீதிபதியின் பொருள்கோளும்

கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலுள்ள தேர்வாய் கண்டிகையில் ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலம் சிப்காட் தொழிற்பூங்காவிற்கென ஒதுக்கப்பட்டது. பிரான்சு நாட்டு மிஷெலின் நிறுவனத்தின் டயர் தொழிற்சாலை அங்கு எழுந்தது. அந்நிலத்தில் ஆடுமாடு மேய்த்தும் விறகு சேர்த்தும் பிழைத்துவந்தோரில் பெரும்பாலோர் தலித் மக்கள். அவர்கள் எதிர்த்துப் போராடினர். 2012-இல் அவர்கள் சார்பான முறையீடு பிரான்சு வரை சென்றது.

ஆயின் வருவாய்த்துறைக் கணக்கில் மேய்க்கால் நிலம் புறம்போக்கு ஆகும். பட்டா நிலத்தை அரசு எடுத்தால் அது "கையகப்படுத்தல்". உடையவருக்கு அறிவிப்பும் விசாரணையும் இழப்பீடும் உண்டு. புறம்போக்கை அரசு வழங்கினாலோ, தன் நிலத்தைத் தானே வழங்கியதாகச் சட்டம் கொள்ளும். தலைமுறைகளாய் மந்தை மேய்த்தவர் அச்சொல்லின் எல்லைக்கு வெளியே நிற்கிறார். ஒரு சொல் எவரை உட்கொள்ளும், எவரை விலக்கும் என்பது நீதிமன்றங்களில் எவ்வாறு முடிவாயிற்று என்பதை நாம் சுருக்கமாகக் காண்போம்.

சட்டத்தின் சொல்லை மட்டும் பற்றி நிற்பதா, அதன் நோக்கத்தைத் தேடுவதா என்னும் வினா பழையது. 1584-இல் இங்கிலாந்தில் ஹெய்டன் வழக்கைத் தீர்த்த நீதிபதிகள் நான்கு கேள்விகளை வகுத்தனர்: இச்சட்டத்திற்கு முன் நிலை யாது? அதிலிருந்த தீங்கு யாது? அதற்குக் கண்ட பரிகாரம் யாது? அப்பரிகாரத்தின் மெய்யான காரணம் யாது? நம் உச்ச நீதிமன்றமும் 1955-இல் இம்முறையை ஏற்றுக்கொண்டது.

இனி, 1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்திற்கு வருவோம். ஒரு கம்பெனிக்காக நிலம் எடுப்பதாயின், அங்கு அமையும் பணி பொதுமக்களுக்குப் பயன்படக்கூடியதாய் இருத்தல் வேண்டும் என்பது அதிலிருந்த ஒரு நிபந்தனை. கான்பூரில் நெசவு இயந்திர உறுப்புகள் செய்யும் ஆலைக்காக ஆர். எல். அரோரா என்பவரின் நிலம் எடுக்கப்பட்டது. ஆலையில் விளையும் பொருள் நாட்டிற்குப் பயன்படுமே என்று அரசுத் தரப்பு வாதிட்டது. 1961-இன் இறுதியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பொருள் பயன்பட்டால் மட்டும் போதாது. அப்பணியே பொதுமக்களுக்கு நேரடியாய்ப் பயன்படல் வேண்டும். இன்றேல் எந்தக் கம்பெனிக்கும் அரசே நிலம் வாங்கித் தரும் முகவர் ஆகிவிடும் என்றது. இங்கே நோக்கம் சொல்லுக்கு வரம்பிட்டது.

அவ்வரம்பு நீடிக்கவில்லை. 1962-இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்திற்று; 1964-இல் அத்திருத்தத்தை நீதிமன்றமும் ஏற்றது. இதனிடையே சோமவந்தி வழக்கில் வேறொரு சொல் ஆய்வுக்கு வந்தது. இழப்பீட்டின் முழுமையுமோ ஒரு பகுதியோ பொதுப்பணத்திலிருந்து வருமாயின் அது பொதுநோக்கத்திற்கான எடுப்பு என்பது விதி. அரசு ஒதுக்கியதோ 100 ரூபாய்! "பகுதி" என்ற சொல் இன்ன அளவு என்று கூறவில்லை. ஆதலின் 100 ரூபாயும் பகுதியே எனப் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்த்தனர். நீதிபதி சுப்பா ராவ் உடன்படாது தனித்தீர்ப்பு எழுதினார். எழுத்து காக்கப்பட்டது, எழுத்து எதற்காக எழுதப்பட்டதோ அது காக்கப்பட்டதா என்பதே கேள்வி.

1894-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, 2013-ஆம் ஆண்டுச் சட்டம் 2014 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. நிலம் இல்லாதவரையும் "பாதிக்கப்பட்ட குடும்பம்" என அது ஏற்பது பெரிய மாற்றமே. விவசாயத் தொழிலாளர், குத்தகைதாரர், கைவினைஞர், வனப்பொருள் சேகரிப்போர், மீனவர், படகோட்டிகள் என அதன் வரையறை விரிகிறது. மந்தை மேய்ப்பவர் என்ற பெயர் மட்டும் அதில் இல்லை. எனினும் மக்களைக் குடியமர்த்தும் இடத்தில் மேய்ச்சல் நிலமும் கால்நடைகளுக்குக் குடிநீரும் வேண்டும் என்று அதே சட்டத்தின் மூன்றாம் அட்டவணை கூறுகிறது. ஒரு வசனத்தை நூல் முழுவதன் ஒளியில் வாசிக்கப் பயின்ற நமக்கு இதன் பொருள் விளங்காமற் போகாது. வரையறையை மட்டும் வாசிக்கும் நீதிபதிக்கு மேய்ப்பவர் அந்நியர். சட்டம் முழுவதையும் வாசிப்பவருக்கு அவர் உள்ளிருப்பவர்.

நீதிபதி சட்டம் இயற்றுகிறவர் அல்லர் என்பது உண்மையே. சொல்லைத் தம் விருப்பப்படி வளைக்க அவருக்கு உரிமை இல்லை. ஆனால் சொல் இடம் கொடுக்கும்போது, எளியவரை உள்ளே கொணரும் பொருளைத் தேடாது விடுவதும் நடுநிலை ஆகாது.

லூக்கா பத்தாம் அதிகாரத்து நியாயசாஸ்திரி "பிறன்" என்ற சொல்லுக்கே வரையறை கேட்டார். நம் ஆண்டவர் வரையறை தரவில்லை. வழியில் விழுந்து கிடந்த மனிதனைக் காட்டினார். "பொது" என்ற சொல்லை வாசிக்கும் நீதிபதிக்கும், வேதத்தை வியாக்கியானம் செய்யும் நமக்கும், தேர்வாய் கண்டிகையின் மேய்ப்பர் அவ்வாறே காட்டப்படுகிறார்.