திரும்பிச் சென்ற மாற்கு

நற்செய்தி நூல்கள் நான்கனுள் காலத்தால் முந்தியது மாற்கு நற்செய்தி என்பதே ஆய்வாளர் பெரும்பாலோர் துணிபு. கி.பி. 70-ஐ ஒட்டிக் கிரேக்க மொழியில் எழுந்த அந்நூல் தன் ஆசிரியர் பெயரை எங்கும் கூறவில்லை. பேதுருவின் மொழிபெயர்ப்பாளராயிருந்த மாற்கு, அவர் சொல்லக் கேட்டவற்றை எழுதிவைத்தார் என்று இரண்டாம் நூற்றாண்டினரான பப்பியாஸ் குறித்துள்ளார்.

அப்போஸ்தலர் நடபடிகள் காட்டும் யோவான் மாற்கு இவரே என்பது திருச்சபை மரபு. பவுலோடும் பர்னபாவோடும் புறப்பட்ட அவர், பெர்கே நகரிலிருந்து எருசலேமுக்குத் திரும்பிவிட்டார். அடுத்த பயணத்தில் அவரைச் சேர்ப்பது குறித்து எழுந்த பிணக்கில் பவுலும் பர்னபாவும் பிரிந்தே போயினர்.

இம்மரபை ஏற்று நாம் நூலைப் படிக்கையில் ஒன்று நெஞ்சைத் தொடுகிறது. இயேசு பிடிபட்டபோது சீடர் அனைவரும் ஓடியதையும், பேதுரு மும்முறை மறுதலித்ததையும் அது மறைக்கவில்லை. நான்காம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் சுவடிகளில், கல்லறைக்குச் சென்ற பெண்கள் அஞ்சி ஓடுவதோடு நூல் முடிந்துவிடுகிறது.

அவர் உடல் எனப் போற்றப்பட்டதை அலெக்சாந்திரியாவிலிருந்து 828-இல் வெனிஸ் வணிகர் கொண்டுசென்றனர். அதில் ஒரு பகுதி 1968-இல் கெய்ரோவுக்குத் திரும்பியது. சிறகுள்ள சிங்கம் அவருக்குச் சின்னமாயிற்று. அஞ்சியோர் கதையை அஞ்சாது எழுதியவருக்கு அது பொருந்துவதே என்போம்.